செய்தியின் கடைமடை

காவிரிப் படுகையில் வாழ்வோர்க்குக் கடைமடை என்னும் சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறக்கப்பட்ட செய்தி நாளேட்டில் வந்து பல நாட்கள் ஆன பின்னரும் தலைஞாயிற்று உழவரும் வேதாரணியத்து உழவரும் வாய்க்காலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்திருப்பார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் நீர், பின்னர் எத்தனையோ ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைக்கிறது. பிரியும் இடந்தோறும் ஒரு மதகு உண்டு. அந்த மதகை ஏற்றி இறக்க ஒரு லஸ்கர் உண்டு. மதகு துருப்பிடித்தால், அல்லது லஸ்கர் பணியிடம் நிரப்பப்படாமல் கிடந்தால், தலைமடையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் வயலில் நீர் நிற்கும். துன்பம் முதலில் சென்று சேருவது கடைசியில் இருப்பவரிடம்தான்.

இந்த மதகுகளையும் வாய்க்கால்களையும் யார் பராமரிப்பது, எவர் செலவில், எத்தனை காலம் என்னும் வழக்கு இம்மண்ணில் மிகப் பழையது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்துப் பணி தளர்ந்தபோது, அதைச் சட்டத்தால் நிலைநிறுத்த 1858-இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அச்சட்டமும் அவ்வழக்கை முடித்துவைக்கவில்லை.

நீருக்கு நேர்ந்த இதே வழக்கு செய்திக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு வகைச் செய்திப் போக்குவரத்தும் மற்றொரு வகைச் செய்திப் போக்குவரத்தும் சந்திக்கும் இடத்தில், ஒன்றன் மொழியை மற்றொன்றன் மொழிக்கு மாற்றித்தரும் ஒரு மதகு தேவைப்படுகிறது. கணினியார் அதனைக் 'கேட்வே' என்பர்; வாயில் என்று நாம் சொல்லலாம். புதிய வழி வந்த பின் பழைய வாயிலை மூடிவிடலாமா, இன்னும் சில காலம் திறந்துவைக்க வேண்டுமா என்பதில் கற்றறிந்தவர்களே எதிரெதிர் அணிகளில் நின்றிருக்கிறார்கள். அந்த வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது, இன்று நம் கையில் இருக்கும் ஒரு பொறுப்பை உணர உதவும்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

நம் நிலத்தில் நிகழ்ந்த பெரிய மாற்றங்களுள் ஒன்று ஓலையிலிருந்து காகிதத்துக்குச் சென்ற மாற்றம். தரங்கம்பாடியில் 1713-ஆம் ஆண்டளவில் தமிழ் அச்சுப்பணி தொடங்கிவிட்டது. ஆயினும் அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி ஏட்டிலேயே உறங்கிக்கொண்டிருந்தது. ஏட்டை வாசிப்பது எளிதன்று. ஓலையில் புள்ளி இட்டால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர். மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டும். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் அவ்வாறே. இந்தக் குறையைக் கண்டு நெடில் எழுத்துகளுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் என்பது நம் வாசகர் அறிந்ததே. அவருடைய சீர்திருத்தத்துக்கு முன் எழுதப்பட்ட ஏட்டையும் பின் வந்த அச்சையும் ஒருங்கே படிக்கத் தெரிந்தவரே இரண்டு உலகங்களுக்கும் இடையே நின்ற வாயில்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் அத்தகைய வாயிலாக வாழ்ந்தார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது தொடங்கிய தேடல், 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. அவர் சென்ற இடங்களில் சில ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. சில, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. விட்டவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களுக்கு ஏடு வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாத பொருள் பழைய பொருளாகவே தோன்றும். பாதுகாத்தவர்கள் மறைந்ததால் அழிந்த நூல்களைக் காட்டிலும், வாசிக்கத் தெரிந்தவர்கள் மறைந்ததால் அழிந்த நூல்கள் குறைவாக இரா.

தந்திக் கம்பியின் நூற்றறுபது ஆண்டுகள்

அவர் பிறந்த அதே 1855-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1850-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக் கம்பி இழுத்த ஓஷாஹ்னஸி என்னும் மருத்துவரின் முயற்சி, சில ஆண்டுகளுக்குள் சென்னை வரை நீண்டது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கம்பியும் அமைந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவின் தோட்டங்களுக்குச் சென்ற நம் பகுதி மக்களை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் கடந்த கடலைச் செய்தி அவர்களுக்கு முன்பே கடந்துவிடும் காலம் அது.

ஆனால் அச்செய்தி தமிழில் செல்லவில்லை. மோர்ஸ் குறிகள் ஆங்கில எழுத்துகளுக்கு அமைந்தவை. தேவநாகரி எழுத்தில் தந்தி அனுப்பும் வசதி 1949-இல் வந்தது. நம் சிற்றூர்களுக்கு வந்தவை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களே. "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்னும் நான்கு சொற்களை வாசித்துக்காட்ட ஊரில் ஒருவர் வேண்டும். தபால்காரரோ, பள்ளி ஆசிரியரோ, பங்குத்தந்தையோ அவ்வேலையைச் செய்தனர். தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகுரல் எழும் வழக்கமும் அதனால்தான். பிரித்துப் பார்க்கும் முன்பே அழுதார்கள். பிரித்தாலும் அவர்களால் படிக்க இயலாது. எனவே தந்தியின் கடைசி மதகு கம்பியில் இல்லை, மனிதரில் இருந்தது.

நாளடைவில் மோர்ஸ் தட்டும் கருவி போய்த் தொலை அச்சுக்கருவி வந்தது. பின்னர்ச் செய்தியைத் தன்னுள் சேமித்து, வழி கிடைக்கும்போது முன்னே தள்ளிவிடும் கணினிகள் வந்தன. அஞ்சல், தந்தித் துறை 1985-இல் இரண்டாகப் பிரிந்தபோது, கம்பி ஒரு துறைக்கும் ஊர்தோறும் உள்ள அஞ்சலகம் மற்றொரு துறைக்கும் போயின. ஒரே வீட்டில் இருந்த கிணற்றுக்கும் கயிற்றுக்கும் பாகம் பிரித்தது போல் ஆயிற்று. தந்தியை ஏற்பவரும் சேர்ப்பவரும் பல இடங்களில் ஒரு துறையார். இடையே கொண்டுசெல்பவர் மற்றொரு துறையார். அவ்வாண்டுதான் இந்தியத் தந்தியின் உச்சம் என்றும், ஏறத்தாழ 6 கோடித் தந்திகள் 45,000 அலுவலகங்களிலிருந்து சென்றன என்றும் பின்னாளில் செய்தித்தாள்கள் குறிப்பிட்டன.

2010-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தந்தியை இணையவழி மென்பொருளுக்கு மாற்றியது. வெளியே பார்ப்பவருக்கு அது பழைய தந்தியே. உள்ளே அது ஒரு வாயில்: ஒரு முனையில் கணினி, மறுமுனையில் மிதிவண்டியில் செல்லும் சேவகர். 2011 மே மாதத்தில் 50 சொற்களுக்கான கட்டணம் 27 ரூபாய் ஆயிற்று. 2013 ஏப்ரலில் வெளிநாட்டுத் தந்தி நின்றது. ஜூன் மாதம் வந்த சுற்றறிக்கை, ஜூலை 15 முதல் உள்நாட்டுத் தந்தியும் நிறுத்தப்படும் என்றது.

அப்போது எழுந்த வாதங்களை இன்று நினைவுகூர்வது பயன் தரும். நிறுத்த வேண்டும் என்றவர்கள் கணக்கைக் காட்டினார்கள். ஆண்டு வருவாய் 75 லட்சம் ரூபாய் அளவு, செலவோ 100 கோடிக்கும் மேல். செல்பேசியில் ஒரு நொடியில் போகும் செய்திக்கு ஏன் இத்தனை ஆட்கள் என்று கேட்டார்கள். இது எளிதில் ஒதுக்கத் தக்க வாதம் அன்று. பொதுப்பணம் என்பதும் ஏழையின் பணமே.

வேண்டும் என்றவர்கள் மூன்றைச் சொன்னார்கள். ஒன்று, எல்லைப்புறத்துப் படைவீரர் விடுப்புப் பெறத் தந்தியைச் சான்றாகக் காட்டுவர். இரண்டு, காவல்துறையால் கொண்டுசெல்லப்பட்டவரின் உறவினர் உடனே அதிகாரிகளுக்கும் நீதிபதிக்கும் தந்தி அடிப்பர். நாளும் நேரமும் பொறித்த அந்த ரசீது பின்னர் வழக்கில் பேசும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 88-ஆம் பிரிவில், அனுப்பக் கொடுத்த செய்தியே சென்று சேர்ந்தது என நீதிமன்றம் கொள்ளலாம் என்றது. அனுப்பியவர் இன்னார் என்பதை மட்டும் தனியே மெய்ப்பிக்க வேண்டும். மூன்று, கையில் கருவி இல்லாத முதியவருக்கு நேரில் கொண்டுவந்து கொடுக்கும் மனிதர் ஒருவர் தேவை. இவற்றில் இரண்டாவது வாதமே எனக்கு வலிமை மிக்கதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அது வேகத்தைப் பற்றியது அன்று. எளியவர் சொன்ன சொல்லுக்கு அரசே சாட்சியாய் நின்ற ஏற்பாட்டைப் பற்றியது.

2013 ஜூலை 14 அன்று, அதுவரை ஒருநாளும் தந்தி அனுப்பாத இளைஞர்கள் நினைவுக்காக வரிசையில் நின்றனர். வழியனுப்ப வந்த கூட்டம் பெரியது. வழக்கமாக வந்தவர்கள் அதற்குப் பின் எங்கே சென்றார்கள் என்று கேட்டவர் சிலரே.

இரவில் பேசிய கணினிகள்

இதற்கு முன்பே, நம் கண்ணுக்குத் தெரியாமல் இதே வழக்கு கணினி உலகில் நடந்து முடிந்திருந்தது. இன்று இணையம் ஒன்றே என எண்ணுகிறோம். 1980-களில் வலைப்பின்னல்கள் பல. ஒன்றன் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. 1981-இல் அமெரிக்காவில் ஐரா ஃபுக்ஸ், கிரேடன் ஃப்ரீமன் ஆகிய இருவர் தொடங்கிய 'பிட்நெட்' பல்கலைக்கழகங்களை இணைத்தது. 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய 'ஃபிடோநெட்' தனி மனிதரின் வீட்டுக் கணினிகளை இணைத்தது. இவை போக, யுனிக்ஸ் கணினிகள் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துச் செய்தி மாற்றிக்கொண்ட 'யூ.யூ.சி.பி.' முறை தனியே இருந்தது.

ஃபிடோநெட் இயங்கிய விதம் கிராமத்து ஏற்றத்தை நினைவூட்டும். பகல் முழுவதும் செய்திகள் ஒரு கணினியில் சேரும். தொலைபேசிக் கட்டணம் குறையும் இரவு வேளையில் அக்கணினி மோடம் வழியாக அடுத்த கணினியை அழைத்து மூட்டையை இறைத்துவிடும். அது வேறொன்றுக்கு இறைக்கும். செலவு அந்தந்த வீட்டுக்காரருடையது. 1990-களின் நடுவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இவ்வாறு பேசின.

இந்த உலகையும் இணையத்தையும் இணைக்க டிம் போசர், கேரி பாக்சினோஸ், ஜான் கால்வின் ஆகியோர் 'யூ.எஃப்.கேட்' என்னும் வாயில் மென்பொருளை எழுதினர். மொழி மாற்றுவது எத்துணைத் தொல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஃபிடோநெட் செய்தியில் பெறுநர் பெயருக்கு 36 எழுத்துகளுக்குத்தான் இடம். இணைய முகவரியோ அதைவிட நீளமாகலாம். எனவே செய்தியை வாயிலின் பெயருக்கே எழுதி, உண்மையான முகவரியைக் கடிதத்தின் முதல் வரியில் எழுதுவார்கள். உறைக்குள் மற்றோர் உறை. பிட்நெட்டுக்கு இணையத்திலிருந்து எழுதுவோர் முகவரியின் நடுவில் சதவிகிதக் குறியைச் செருகி, நியூயார்க்கில் உள்ள வாயிலின் பெயரைப் பின்னால் சேர்ப்பார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலத்தில் நெல் வணிகர் மனத்துக்குள் போட்ட கணக்கைப் போன்றது இது. தெரிந்தவருக்குப் பழக்கம், தெரியாதவருக்கு மாயம்.

இந்தியாவில் 1986-இல் தொடங்கிய 'எர்நெட்' திட்டம், ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாய் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத்துறை ஆகிய எட்டு இடங்களை இணைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டுக்குச் செல்லும் அஞ்சல் பம்பாய் மையத்தின் வாயில் வழியே சென்றது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது முதலில் பயன்பெற்றவை பெருநகரங்கள். தஞ்சையிலோ கும்பகோணத்திலோ இருந்தவர் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டாக வேண்டும். தலைமடைக்கு வந்த நீர் கடைமடைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின.

இணையம் வளர வளர, வாயில்களைத் திறந்துவைப்பது பற்றிப் பிணக்கு எழுந்தது. வாயிலை நடத்தியவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். பிறர் கடிதத்துக்குத் தம் தொலைபேசிக் கட்டணத்தைச் செலுத்தினார்கள். கடிதம் தொலைந்தால் வசவு அவர்களுக்கே. ஒரே செய்தி இரண்டு வாயில்கள் வழியாக வட்டமிட்டு ஆயிரம் படியாகப் பெருகும் விபத்துகளும் நேர்ந்தன. விளம்பரக் குப்பை வேறு பெருகியது. "எல்லாரும் இணையத்துக்கு வந்துவிடுங்கள், இந்த ஒட்டுப்போட்ட வேலை எதற்கு?" என்றனர் ஒரு சாரார். "வர முடிந்தவர்கள் வந்துவிட்டார்கள், வர முடியாதவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்" என்றனர் மற்றொரு சாரார். இலண்டனில் இயங்கிய 'கிரீன்நெட்' ஃபிடோ வாயிலை 1990-களில் நடத்தி, இணையம் எட்டாத ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் தொண்டு நிறுவனங்களுக்கு அஞ்சல் வழங்கியது. மோசமான தொலைபேசிக் கம்பியில் விட்டுவிட்டுப் பேசவும் அந்தப் பழைய முறையே தாங்கியது.

பிட்நெட்டுக்கு 1996-ஆம் ஆண்டோடு ஆதரவை முடித்துக்கொள்வதென அதன் அமைப்பே முடிவெடுத்தது. முன்னறிவிப்புக் கொடுத்து, உறுப்பினரை இடம் மாற்றி, அதன் அஞ்சற்குழு மென்பொருளான 'லிஸ்ட்செர்வ்' இணையத்துக்குக் குடிபெயர்ந்த பின் அது மூடப்பட்டது. பழையதை மூடுவதே தவறு என்பார்க்கு இது நல்ல மறுமொழி. முறையாக மூடவும் முடியும்.

எட்டாவது பிட்டும் தமிழும்

இவ்வாயில்களில் தமிழ் பட்ட பாடு தனிக்கதை. 1982-இல் வகுக்கப்பட்ட இணைய அஞ்சல் விதி, ஓர் எழுத்துக்கு ஏழு பிட் மட்டுமே அனுமதித்தது. ஆங்கிலத்துக்கு அது போதும். கணினித் தமிழர்கள் ஆங்கில எழுத்துகளைத் தொடாமல் எட்டாவது பிட்டில் தமிழை வைத்தனர். வழியிலுள்ள ஏதாவதொரு பழைய வாயில் அந்த எட்டாவது பிட்டைச் சீவிவிட்டால், அனுப்பிய கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகச் சென்று சேரும். ஓலையில் புள்ளி விழாமற்போன குறையின் மறுபிறப்பு இது. 1992-இல் வந்த 'மைம்' விதி, எட்டுப் பிட்டை ஏழுக்குள் மடித்து அனுப்ப வழி செய்தது. ஆயினும் எல்லா வாயில்களும் அதை உடனே கற்றுக்கொள்ளவில்லை.

சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய 'மயிலை' எழுத்துரு, மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய 'முரசு அஞ்சல்', பாலா பிள்ளை தொடங்கிய 'தமிழ்.நெட்' அஞ்சற்குழு ஆகியவை 1990-களில் தமிழர் தமிழ் எழுத்திலேயே கடிதம் எழுதும் காலத்தைத் தொடங்கிவைத்தன. ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் 'க'வுக்கு ஒவ்வோர் எண்ணைக் கொடுத்தது. ஒரு வீட்டில் எழுதிய கடிதம் அடுத்த வீட்டில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு பொதுத்தரம் ஒன்றை நோக்கிய பேச்சைத் தொடங்கியது. உலகெங்கும் பரவியிருந்த தமிழர் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'டிஸ்கி' என்னும் தரத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் வேறு இரண்டைத் தரமாக ஏற்றது. இதற்கிடையே 1991-லிருந்தே யூனிக்கோடு என்னும் உலகத்தரத்தில் தமிழுக்கு இடம் இருந்தது. ஒன்று வேண்டும் எனப் புறப்பட்டவர்கள் நான்கில் வந்து நின்றனர்.

இங்கு எழுந்த பிணக்கு நுட்பமானது. டிஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை வரிசைப்படி வைத்தது: 'கெ' என எழுத, முதலில் கொம்பு, பின்னர் ககரம். யூனிக்கோடு ஒலிவரிசையில் வைத்தது: முதலில் ககரம், பின்னர் எகரக்குறி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் மென்பொருள் வெறும் எண்களை மாற்றினால் போதாது. எழுத்துகளை இடம் மாற்றி அடுக்க வேண்டும். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம் ஆகையால், மாற்றி எது என அறியாமல் தடுமாறும். இன்றும் இணையத்தில் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' எனக் கிடப்பதைக் காணலாம். தட்டச்சுப் பிழையாலும் அது நேரலாம். பழைய வாயிலைக் கடந்தபோது ஏற்பட்ட தழும்பாகவும் இருக்கலாம். டிஸ்கியில் 'இ' எழுத்துக்கு ஒதுக்கிய எண், மேலைநாட்டுக் கணினிகளில் வரி மடக்கும் மெல்லிய இணைகோட்டுக்கு உரியது. எனவே 'இறைவன்' எனத் தொடங்கும் வரியில் முதலெழுத்து மறைந்துபோவதும் உண்டு.

"யூனிக்கோடுக்கு உடனே மாறுங்கள், பழையதை விடுங்கள்" என்றவர்கள் தொலைநோக்கு உடையவர்கள். அவர்கள் சொன்னதே இறுதியில் நிலைத்தது. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிக்கோடையும் 'டேஸ் 16' என்னும் பதினாறு பிட் முறையையும் தரமாக அறிவித்தது. "விண்டோஸ் 98 வைத்திருப்பவன் என்ன செய்வான்?" என்று கேட்டவர்களும் அறியாதார் அல்லர். யூனிக்கோடுத் தமிழைத் தாங்கிய முதல் விண்டோஸ் 2000-ஆம் ஆண்டினது. சிற்றூர் இணைய நிலையங்களில் பழைய கணினிகளே இருந்தன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் முதலில் டிஸ்கியில் நூல்களை வழங்கியது. பின்னர்ச் சில காலம் இரு வடிவிலும் வழங்கியது. அந்த இருமடங்கு உழைப்பைக் கூலியின்றிச் செய்தவர்களே நடுநிலை கண்டவர்கள் என்பேன்.

எல்லாருக்கும் அப்பேறு கிட்டவில்லை. 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவச இடம் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 'யாஹூ குழுமங்கள்' தம் பழைய கடிதக் குவியலை 2020-இன் தொடக்கத்தில் அழித்து, அவ்வாண்டு டிசம்பரில் கதவடைத்தன. அவற்றில் பழைய குறிமுறையில் எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்களும் கவிதைகளும் வாதங்களும் இருந்தன. சிலர் முன்கூட்டி எடுத்துவைத்தனர். மற்றவை போயின. ஆடிப்பெருக்கு மீண்டும் ஒருமுறை வந்து சென்றது.

கடைசிக் கல் தொலைவு

வாயில் காப்பது பழமைப் பற்றினால் மட்டும் அன்று என்பதற்குக் கடற்கரை ஒரு சான்று தருகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. கடலலையின் உயரம் பற்றி இணையத்தில் வந்த ஆங்கிலக் குறிப்பு, மையத்தில் தமிழாகி, கம்பியில்லாக் கருவியில் கிராமத்துக்குச் சென்று, ஒலிபெருக்கியில் மீனவர் காதில் விழுந்தது. நான்கு வெவ்வேறு வழிகள், இடையே மூன்று மதகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிராமத்து ஆணோ பெண்ணோ இருந்தார். 2004 அக்டோபரில் திருவையாற்றிலும் அந்நிறுவனமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து செயற்கைக்கோள் வழி ஊரக வளமையம் ஒன்றைத் தொடங்கின.

இரண்டு மாதங்களில் டிசம்பர் 26 வந்தது. நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தி கண்டு தம் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தனர். அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக் கரையை நம்முள் மறந்தவர் யார்? உலகச் செய்தி நிறுவனங்கள் அறிந்துவிட்ட ஒரு செய்தி, கடைசி ஒரு கல் தொலைவைக் கடக்க மதகு இல்லாமல் நின்றது. செயற்கைக்கோளால் கடக்க முடியாத அந்தத் தொலைவை, நல்லவாட்டில் ஒரு பழைய ஒலிபெருக்கி கடந்தது.

வழக்கின் தீர்ப்பு

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கும்போது, மூடுக என்பாரும் காக்க என்பாரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பது தெரிகிறது. மூடுக என்பவர் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் எனக் கேட்கிறார். காக்க என்பவர் யார் பயன்படுத்துகிறார்கள் எனக் கேட்கிறார். முதற் கேள்விக்கு எண் விடையாகும். இரண்டாவதற்கு ஒரு முகம் விடையாகும். எண்ணைப் புறக்கணித்தால் தொண்டர் களைத்துப்போவார், பொதுப்பணம் வற்றும். முகத்தைப் புறக்கணித்தால் கடைமடை காயும்.

ஆகவே மூடுவதற்கு முன் மூன்றைக் கேட்பது அறம் எனத் தோன்றுகிறது. கடைசியாக எஞ்சியிருப்பவர் யார், அவர் போக வேறு வழி உண்டா? பழைய வழி செய்துவந்த பணிகளுள் வேகம் தவிர வேறு எது புதிய வழியில் இல்லை? தந்திக்கு அது சாட்சியம். உள்ளே கிடக்கும் செய்திகள் அனைத்தும் வெளியே எடுக்கப்பட்டனவா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் மூடுவதில் பழுதில்லை. பிட்நெட் அவ்வாறு மூடப்பட்டது. கிடைக்கும்வரை மதகை நடத்துபவருக்கு நன்றி சொல்வதும் அவர் செலவில் பங்கேற்பதும் நம் கடன். குடிமராமத்து என நம் முன்னோர் சொன்னதும் அதுவே.

இது தொலைவில் உள்ளோர் வழக்கு என எண்ண வேண்டாம். 1990-களில் நம் மறைமாவட்டத்து அச்சகங்களிலும் பங்கு அலுவலகங்களிலும் கணினி அச்சுக்கோப்பு வந்தது. திருவிழா மலர்கள், ஆண்டுவிழாச் சிறப்பிதழ்கள், நாடகப் பனுவல்கள், ஊர் வரலாறுகள், மறைந்தோர் நினைவுமலர்கள் பல அந்தக் காலத்து எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அச்சான தாள்கள் சில இருக்கலாம். கோப்புகள் நெகிழ்வட்டுகளிலும் பழைய கணினிகளிலும் கிடக்கும். அவற்றைத் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். கிறுக்கல் என எறியத் தோன்றும். ஏடு வாசிக்கத் தெரியாதவர் ஏட்டை ஆற்றில் விட்ட அதே நிலை. மாற்றும் மென்பொருள்கள் இன்னும் கிடைக்கின்றன. அந்த எழுத்துருக்களின் வழக்கம் அறிந்த அச்சுக்கோப்பாளர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இவ்விரண்டையும் தேடினால் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இளைஞர் இயக்கங்களுக்கு இது நல்ல பணி. ஒவ்வொரு பங்கிலும் இருவர் மூவர் அமர்ந்து, பழைய கோப்புகளைத் திரட்டி, மாற்றி, பிழை பார்த்து, 'கெளரவம்' என வந்ததைக் 'கௌரவம்' எனத் திருத்தி வைக்கலாம். அருகில் அந்நாளைய அச்சுக்கோப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. அவருக்கு அது பழைய தொழில். நமக்கு அவர்தான் வாயில்.